42,000 ரூபாய் கோர்ஸா, எட்டாம் வகுப்பு கணக்குப் புத்தகமா?



வழக்கமா இங்க எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், பிஎஃப் பத்திதான் பேசுவோம். இன்னிக்கு பள்ளிக்கூடத்து கணக்குப் புத்தகத்தைப் பத்தி. சம்பந்தம் இருக்கு, கொஞ்சம் பொறுமையா படிங்க.

நான் பண்ணின மோசமான செலவு எதுன்னு யாராவது கேட்டா, பங்குச் சந்தையில விட்டதைச் சொல்ல மாட்டேன். என் சித்தி பொண்ணுக்கு வாங்கிக் குடுத்த ஆன்லைன் கணக்கு கோர்ஸைத்தான் சொல்வேன். மாசம் 3,500 ரூபாய், 12 மாசம், மொத்தம் 42,000. ரெண்டாவது மாசத்துக்கு அப்புறம் அவ அந்த ஆப்பைத் திறக்கவே இல்ல. மீதி பத்து மாசம் என் அக்கவுண்ட்லருந்து பணம் மட்டும் ஒழுங்கா போயிட்டு இருந்துச்சு. கம்பெனி பேரு வேண்டாம். வித்தவங்க மேல பாதி தப்பு, விசாரிக்காம வாங்கின என் மேல பாதி. ஊருக்கெல்லாம் "இஎம்ஐ போடறதுக்கு முன்னாடி யோசிங்க"ன்னு வீடியோ போடறவன் நான்!

நடந்தது இதுதான். தங்கச்சி மங்கலத்துல ஒரு பனியன் கம்பெனியில செக்கிங்ல இருக்கா. கை சுறுசுறுப்பு, பேச்சும் சுத்தம். மேனேஜர் கூப்பிட்டு, "ஆபீஸ் பக்கம் வந்துடும்மா, காஸ்டிங் கத்துக்கோ, சம்பளம் ஏத்தித் தர்றேன்"ன்னு சொல்லியிருக்கார். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு கணக்கு குடுத்துப் பாத்தார்.

கிரே துணியை டையிங்குக்கு அனுப்பினா எடை குறையும். பிராசஸ் லாஸ் 10 சதவீதம்னு வச்சுக்குவோம். சாயம் போட்டு வந்த துணி 1,000 கிலோ வேணும். எத்தனை கிலோ கிரே அனுப்பணும்?

அவ யோசிக்காம 1,100 கிலோன்னு சொல்லிட்டா. நீங்களும் அதையே சொல்லியிருந்தா வெக்கப்பட வேண்டாம், நிறைய பேர் அப்படித்தான் சொல்வாங்க. 1,100-ல 10 சதவீதம் 110. அது போச்சுன்னா கையில வர்றது 990. பத்து கிலோ குறையுது. ஒரு டீ-ஷர்ட்டுக்கு 200 கிராம்னு வச்சா 50 பீஸ் இல்ல. சரியான விடை 1,000-த்தை 0.9 ஆல வகுக்கறது, அதாவது ஏறக்குறைய 1,111 கிலோ.

இதே கணக்குதான் நம்ம போர்ட்ஃபோலியோலயும் இருக்கு. 100 ரூபாய் பங்கு 20 சதவீதம் விழுந்து 80 ஆச்சுன்னா, பழைய விலைக்கு வர 20 சதவீதம் ஏறினா பத்தாது, 25 சதவீதம் ஏறணும். இதைப் புரிஞ்சவங்களுக்கு டையிங் கணக்கும் புரியும். ரெண்டுமே எட்டாம் வகுப்பு சமாச்சாரம்.

தங்கச்சி வீட்டுக்கு வந்து அழுதா. "எனக்கு கணக்கே வராதுங்ணா"ன்னு ஒரே பேச்சு. நான் பெரிய புத்திசாலி மாதிரி அந்த கோர்ஸை வாங்கிப் போட்டேன். அதுல ரெண்டாவது வாரமே சார்பு, எல்லை, வகையிடல்னு பிளஸ் ஒன் பாடம் ஓடுது. நல்ல வாத்தியார்தான், அழகா சொல்றார். ஆனா இவளுக்கு பின்னத்தை வகுக்கவே தெரியல.

ஆல் பாஸ் பேட்ச்

தங்கச்சியோட கதை அவ ஒருத்தியோட கதை இல்ல. 2020 மார்ச்ல பள்ளிக்கூடத்தை மூடினப்போ அவ ஒன்பதாவது. அந்த வருஷம் ஆல் பாஸ். அடுத்த வருஷம் பத்தாவது, பெரும்பாலும் செல்போன் வகுப்பு. வீட்ல ஒரே போன், அதுவும் அப்பா தறிக்குப் போகும்போது கூடவே போயிடும். 2021 பிப்ரவரியில ஒன்பது, பத்து, பதினொண்ணு எல்லாருக்கும் தேர்ச்சின்னு அரசு அறிவிச்சுது. அந்த சூழ்நிலையில வேற என்ன பண்ண முடியும், அதைக் குறை சொல்ல வரல. ஆனா பத்தாவது பாஸ்னு கையில சர்டிபிகேட் இருக்கு, ரெண்டு வருஷத்துக் கணக்கு தலையில இல்ல. அந்த பேட்ச் இப்போ இருபதைத் தாண்டி சம்பளம் வாங்குது. டூவீலர் லோன் போடுது, கிரெடிட் கார்டு வாங்குது, "ஃப்ளாட் 10 சதவீதம்தான் சார்"னு சொன்னா தலையாட்டுது.

இதைப் படிக்கிற உங்கள்ல சில பேர் அந்த பேட்ச்சா இருப்பீங்க. இன்னும் சில பேர் அதுக்கு முன்னாடியே மனப்பாடம் பண்ணி 70 மார்க் வாங்கிட்டு, மறுநாளே மறந்தவங்க. நான் ரெண்டாவது கூட்டம்.

புத்தகம் வாங்கறதுக்கு முன்னாடி

கணக்கு மறுபடி படிக்கணும்னு தோணின உடனே எல்லாரும் கேக்கற கேள்வி "எந்த புக் பெஸ்ட்?" இது "எந்த ஃபண்ட் பெஸ்ட்?" மாதிரிதான். உங்க நிலைமை தெரியாம யாரும் பதில் சொல்ல முடியாது. நீங்க எந்த இடத்துல தடுமாறுறீங்கன்னு முதல்ல கண்டுபிடிக்கணும். உங்க சர்டிபிகேட்ல இருக்கிற வகுப்பை மறந்துடுங்க.

ஒரு பேப்பர் எடுங்க. கால்குலேட்டர் வேண்டாம். 2/3-ஐ 4/5 ஆல வகுங்க. 5/6 வரணும். வரலைன்னா ஆறு, ஏழாம் வகுப்புப் புத்தகத்துல பின்னம் பாடத்தைத் தேடுங்க, ஒரு வாரத்துல முடிஞ்சிடும். அடுத்தது, 20 − 3(5 − 2)-ஐ அடைப்புக்குறியை விரிச்சுப் போடுங்க. 20 − 15 + 6 = 11. உங்களுக்கு −1 வந்திருந்தா, கழித்தல் குறி உள்ள போகும்போது என்ன ஆகும்ங்கிறது உறுதியா இல்லன்னு அர்த்தம், அதோட இயற்கணிதத்துல கால் வச்சா ஒவ்வொரு கணக்குலயும் வழுக்கும். கடைசியா, 10,000 ரூபாய்க்கு 8 சதவீதம் கூட்டு வட்டியில ரெண்டு வருஷத்துல எவ்வளவு? 11,664. உங்களுக்கு 11,600 வந்திருந்தா எட்டாம் வகுப்புலருந்து ஆரம்பிங்க. மூணும் சரின்னா ஒன்பதாவதைப் புரட்டிட்டு பத்தாவதுக்குப் போகலாம்.

தங்கச்சி மூணுலயும் தப்பு. எட்டாம் வகுப்புப் புத்தகத்தை நீட்டினேன். மூஞ்சியைப் பாக்கணுமே! "பக்கத்து வீட்டுப் பாப்பா படிக்கிற புக்குங்ணா இது." அட்டை போட்டுக் குடுத்தேன்.

சரி, எந்தப் புத்தகம்?

என் கருத்தை நேரா சொல்லிடறேன். தமிழ்நாட்டுல வேலை பாத்துக்கிட்டு ராத்திரியில தானா படிக்கிற ஒருத்தருக்கு, முதுகெலும்பா வச்சுக்க வேண்டியது நம்ம அரசுப் பாடநூல்தான். எட்டு, ஒன்பது, பத்து. தமிழ்நாடு பாடநூல் கழகம் போடறது. புதிய பாடத்திட்டத்துல 2018-19, 2019-20 ரெண்டு வருஷத்துல வந்த புத்தகங்கள் இவை. பிடிஎஃப் இணையதளத்துல இலவசம். ஆனா அச்சுப் புத்தகம் வாங்குங்க, இல்லைன்னா பழைய புத்தகம் கேட்டு வாங்குங்க. போன்ல பிடிஎஃப் திறந்தா பத்தாவது நிமிஷம் ரீல்ஸ் பாத்துட்டு இருப்பீங்க. நான் இருந்தேன்.

இலவசம்ங்கிறதால சொல்லல. எட்டாம் வகுப்புல "வாழ்வியல் கணிதம்"னு ஒரு பாடம் இருக்கு. சதவீதம், லாபம் நட்டம், தள்ளுபடி, ஜிஎஸ்டி, கூட்டு வட்டி, நேரமும் வேலையும், எல்லாம் அதுக்குள்ள. ஒரு பனியன் கம்பெனி ஆபீஸை நடத்தத் தேவையான கணக்குல பாதி அங்கயே வந்துடுது. பத்தாம் வகுப்புல எட்டுப் பாடம். ரெண்டாவது "எண்களும் தொடர்வரிசைகளும்". அதுல பெருக்குத் தொடர் கூடுதல் வரும். அதை ஒரு தடவை கையால போட்டுப் பாருங்க. மாசம் 5,000 ரூபாய், மாசத்துக்கு 1 சதவீதம், 120 மாசம், ஏறக்குறைய 11.5 லட்சம். ஆப்ல எஸ்ஐபி கால்குலேட்டர்னு பளபளன்னு காட்டறாங்களே, உள்ள ஓடறது இந்தப் பத்தாங்கிளாஸ் சூத்திரம்தான். அந்த 1 சதவீதம் ஒவ்வொரு மாசமும் அப்படியே வரும்னு யாரும் உத்தரவாதம் தரலைங்கிறதும், கையால போடும்போதுதான் உறைக்கும்.

இன்னொரு விஷயம், இதை யாரும் பெருசா சொல்றதில்ல. தமிழ் மீடியம், இங்கிலீஷ் மீடியம் ரெண்டு புத்தகத்துலயும் பாடமும் பயிற்சிக் கணக்கும் ஒண்ணுதான், வரிசையும் ஒண்ணுதான். ரெண்டையும் பக்கத்துல வச்சுக்குங்க. தமிழ்ல புரிஞ்சுக்கிட்டு, அதே கணக்கை அடுத்த புத்தகத்துல பாத்தா "பெருக்குத் தொடர்வரிசை"ன்னா "ஜியாமெட்ரிக் புரோகிரஷன்"னு தானா ஒட்டிக்கும். ஆபீஸ்ல எக்ஸெல்லும் பையர் மெயிலும் இங்கிலீஷ்லதான் வருது. தங்கச்சிக்குக் கணக்கை விட இந்தப் பேருங்கதான் பயமா இருந்துச்சுன்னு பின்னாடிதான் எனக்குத் தெரிஞ்சது.

குறையும் இருக்கு. வாத்தியார் கூட இருப்பார்னு நினைச்சு எழுதின புத்தகம் இது. எடுத்துக்காட்டு ரெண்டு வரியில முடிஞ்சிடும், நடுவுல ஒரு படி தாவியிருக்கும், பின்னாடி விடை மட்டும் இருக்கும், வழி இருக்காது. தானா படிக்கிறவங்க அங்கதான் புத்தகத்தை மூடி வைக்கிறாங்க. இதுக்கு ஒரு கைடு வாங்கலாம், தப்பில்ல. ஆனா ஒரு கணக்கோட இருபது நிமிஷம் மல்லுக்கட்டிட்டு அப்புறம் கைடைத் திறங்க. முதல்லயே திறந்தா படிக்கும்போது எல்லாம் புரியும், மூடினா எதுவும் வராது. நான் பத்தாவது பாஸ் பண்ணினதே அப்படித்தான்.

என்சிஇஆர்டி புத்தகமும் பிடிஎஃப்-ல இலவசம். ஏன், எதுக்குன்னு பேசிப் புரிய வைக்கிறதுல எனக்கு அது நம்ம புத்தகத்தை விடப் பிடிக்கும். தமிழ்ல இல்லைங்கிறதுதான் சிக்கல். கணக்கையும் இங்கிலீஷையும் ஒரே ராத்திரியில தூக்கணும். அதனால அதை ரெண்டாவது சுத்துக்கு வைங்க. கூடவே "எக்ஸம்ப்ளர்"னு தனி கணக்குத் தொகுப்பு அவங்களே போட்டிருக்காங்க. பத்தாவது முடிச்சவங்க தன்னைச் சோதிச்சுக்க அருமையான சரக்கு.

ஆர்.டி.சர்மா? செங்கல் மாதிரி இருக்கும். தீர்த்த கணக்கு ஏராளம், அதுதான் அதோட பலம். போட்டித் தேர்வுக்குப் போறவங்க வாங்கட்டும். ஒன்றரை ஷிப்ட் முடிச்சு ராத்திரி ஒன்பது மணிக்கு வர்றவங்களுக்கு அந்த கனமே பயம் காட்டும். முப்பது பக்கத்தோட நின்னு போன ஆர்.டி.சர்மா எங்க வீட்டுலயே ஒண்ணு இருக்கு. வெளிநாட்டுப் புத்தகம்னா சிங்கப்பூர் மேத், ஆர்ட் ஆஃப் பிராப்ளம் சால்விங் எல்லாம் நல்ல தரம்தான். விலையைப் பாத்துட்டு வேண்டாம்னு வச்சேன்.

ராமானுஜன் யார்கிட்ட படிச்சார்?

இதைச் சொன்னா உடனே ஒருத்தர் வருவார். "ராமானுஜன் யார்கிட்ட டியூஷன் போனார்? ஒரே ஒரு புத்தகத்தை வச்சுக்கிட்டு தானாத்தானே படிச்சார்?"

நம்ம ஈரோட்டுல 1887-ல பிறந்தவர், அதனால நமக்குப் பெருமை அதிகம். ஆனா அந்தப் புத்தகம் என்னன்னு பாக்கணும். பதினாறு வயசு வாக்குல கும்பகோணத்துல அவர் கையில கிடைச்சது ஜி.எஸ்.கார் எழுதின சினாப்சிஸ். ஏறக்குறைய 5,000 கணித முடிவுகளோட பட்டியல். நிரூபணம் கொஞ்சம், விளக்கம் அதைவிடக் கொஞ்சம். கார் இங்கிலாந்துல தேர்வுக்குப் பசங்களைத் தயார் பண்ணின ஆள், அதுக்கான குறிப்புப் புத்தகம்தான் அது. விளக்கம் இல்லாததாலயே ராமானுஜன் ஒவ்வொண்ணையும் தானே போட்டுப் பாத்தார். அது அவருக்குச் சரி. நானும் நீங்களும் அதைத் திறந்தா நாலாவது பக்கத்துல மூடிடுவோம்.

அதுக்கு முன்னாடியே லோனியோட முக்கோணவியல் புத்தகத்தை அவர் முடிச்சிருந்தார்ங்கிறதை யாரும் சொல்றதில்ல. அது படிப்படியா சொல்லித் தர்ற பாடப்புத்தகம். அவரும் நேரா உச்சியில போய் நிக்கல.

இன்னொண்ணு. கணக்குலயே மூழ்கி மத்த பாடத்தை விட்டதால கல்லூரி உதவித்தொகை போச்சு, எஃப்.ஏ. தேர்வுலயும் தேறல. 1912-ல சென்னைத் துறைமுகத்துல மாசம் 30 ரூபாய் சம்பளத்துக்கு கிளார்க்கா சேர்ந்தார். வேலை பாத்துக்கிட்டே ராத்திரியில கணக்குப் போட்டவர். அந்த விஷயத்துல மட்டும் அவரை நம்ம கட்சியில சேத்துக்கலாம்.

நேரத்துக்கு என்ன விலை?

புத்தகம் இலவசம்னா செலவே இல்லைன்னு நினைக்காதீங்க. தங்கச்சி வாரத்துக்கு நாலு மணி நேரம் ஒதுக்கினா. செவ்வாயும் வியாழனும் ஓவர்டைம் வேண்டாம்னு சொல்லிட்டா. எட்டாம் வகுப்பு முழுசும், ஒன்பதாவதுல மெய்யெண்களும் இயற்கணிதமும் முடிக்க ஏறக்குறைய 20 வாரம், 80 மணி நேரம். அந்த ஓவர்டைம் பணம்தான் உண்மையான செலவு. சனிக்கிழமை சம்பளக் கவர் இளைச்சு வந்தப்போ சித்தி என்னைத்தான் திட்டினாங்க. "படிப்புன்னு சொல்லி புள்ளையோட காசையும் கெடுத்துட்ட"ன்னு. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. இப்பவும் முழுசா இல்ல.

அதனாலதான் சொல்றேன், தப்பான வகுப்புல ஆரம்பிக்கறது பணத்தை விடப் பெரிய நட்டம். ரெண்டு மூணு புத்தகத்தை ஒரே நேரத்துல வச்சு மாத்தி மாத்திப் புரட்டறதும் அப்படித்தான். ஒண்ணை எடுங்க, முடிங்க. யூடியூப் வீடியோ புரியாத ஒரு இடத்துக்கு மட்டும்.

பத்தாவதே முடிக்காம நின்னவங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. முதல்ல எந்தத் தேர்வுன்னு முடிவு பண்ணுங்க, புத்தகம் அதுக்குப் பின்னாடிதான். அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தற பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வரா எழுதலாம். அதுக்கு மேல சொன்ன அரசுப் புத்தகமே போதும், ஆனா அறிவியல் செய்முறைக்குத் தனியா பதிவு பண்ணணும், அதை மறந்து வருஷத்தைத் தொலைச்சவங்க உண்டு. கணக்குல 35 எடுத்தா பாஸ். வடிவியல் வரைதலும் வரைபடமும் எட்டு எட்டா 16 மார்க், ஸ்கேலும் காம்பஸும் வச்சு பழகினா கைக்கு வந்துடும். இன்னொரு வழி தேசிய திறந்தநிலைப் பள்ளி, என்ஐஓஎஸ். பசங்களை வீட்லயே வச்சுப் படிக்க வைக்கிற பெற்றோர் பல பேர் போற வழியும் அதுதான். அஞ்சு பாடம் நாமளே தேர்ந்தெடுக்கலாம், கணக்கு இல்லாமலேகூட. அவங்களுக்குத் தனிப் பாடப்புத்தகம் இருக்கு, நம்ம புத்தகத்தை வச்சு அந்தத் தேர்வுக்குப் போகாதீங்க. எந்த மீடியத்துல கிடைக்குது, அந்த சர்டிபிகேட் நீங்க போகப் போற வேலைக்கு ஏத்துக்கப்படுதான்னு பணம் கட்டறதுக்கு முன்னாடியே கேட்டுக்குங்க.

தங்கச்சி விஷயத்துக்கு வர்றேன். காஸ்டிங் டேபிளுக்குப் போயிட்டா. சம்பளம் மேனேஜர் சொன்ன அளவுக்கு ஏறல, பாதிதான் ஏறுச்சு. இப்போ பத்தாவதுல ஆயத்தொலை வடிவியல்ல நிக்கிறா, "இது எதுக்குங்ணா நமக்கு?"ன்னு கேக்கறா. அவளுக்கு அது தேவையில்லதான். தாண்டிப் போன்னு சொல்லிட்டேன். பள்ளிக்கூடத்துல அப்படித் தாண்ட முடியாது, நமக்கு முடியும்.

அடுத்ததா அவ கையில குடுக்கப் போறது பதினொண்ணாம் வகுப்பு "வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல்". அதுல நிதியியல் கணிதம்னு ஒரு பாடம், தவணைத் தொகை, பங்கு, கடன் பத்திரம், தரகு எல்லாம் இருக்கு. நம்ம சேனல்ல ரெண்டு வருஷமா நான் பேசறதுல முக்கால்வாசி அந்தப் பாடத்துக்குள்ள அடங்கிடும், கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு.

போன மாசம் ஸ்கூட்டர் வாங்கப் போனா. ஒரு லட்சம் லோன், மூணு வருஷம், ஃப்ளாட் 10 சதவீதம், மாசம் 3,611-ன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. சீட்டை வாங்கி மடிச்சு வச்சுக்கிட்டு, "அண்ணாகிட்ட கேட்டுட்டு வர்றேனுங்க"ன்னு வந்துட்டா. என்கிட்ட வந்து கேட்டா, "மாசா மாசம் அசல் குறையுதுங்களே, அப்புறம் ஏன் மூணு வருஷமும் முழு லட்சத்துக்கே வட்டி போடறாங்க?" குறையும் அசல் முறையில அது ஏறக்குறைய 18 சதவீதம் ஆகுது. அது எப்படி வருதுன்னு அந்தப் பதினொண்ணாம் வகுப்புப் பாடத்தை வச்சே அடுத்த வீடியோவுல படிப்படியா போட்டுக் காட்டறேன். நோட்டும் பென்சிலும் எடுத்து வச்சுக்குங்க.